எழுத்துகள் துண்டு துண்டாக வரலாம்

அண்ணி இறந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அண்ணன் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியும் ஒருவர். "வீட்டுக்காரம்மா என்ன வேலைப்பா பாத்துக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல எடுபிடி வேலைங்க" என்றான் அண்ணன்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அண்ணன் உளறவில்லை. யார் கேட்டாலும் அண்ணியே அப்படித்தான் சொல்வார். நான் குறுக்கே பேசித் திருத்தப் போகவில்லை. திருத்துவதென்றால் முழுக்கச் சொல்ல வேண்டும், துக்க வீட்டில் அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

அண்ணியின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறுகிறவர்களோடு ரப்பர் வாடையும் கூடவே ஏறும். ரத்தம் எடுப்பது ஓரிடம், அதை அளப்பது வேறிடம், முடிவைப் பார்த்து மருந்து எழுதுவது இன்னோரிடம். அளந்த எண்களைப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கணினி நிரல்களை எழுதுவதுதான் அந்த நிறுவனத்தின் பிழைப்பு. எண்கள் எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில் கோப்புகளாகப் போகும். அந்த வடிவத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு திறப்பு, பின்னால் ஒரு மூடல். பெயருக்கு ஒரு ஜோடி, வயதுக்கு ஒரு ஜோடி, அளவுக்கு ஒரு ஜோடி.

நான் படித்தது வரலாறு. எனக்குப் புரியும்படி அண்ணி ஒருமுறை சொன்னார்.

"பெரிய கோப்பைப் படிக்க ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒண்ணு, மொத்தத்தையும் உள்ள இழுத்துப் பாய் மாதிரி விரிச்சுப் போட்டுட்டு, வேணுங்கற மூலைக்கு நடந்து போறது. கோப்பு பெருசா இருந்தா மெஷினே படுத்துடும். இன்னொண்ணு, பஸ் கண்டக்டர் வழி. ஸ்டாப் வந்தா கத்துவாரு. எறங்க வேண்டியவன் எறங்கிக்கணும். அந்தப் படிக்கிற நிரலும் அப்படித்தான். திறப்பு வந்துச்சுன்னு கத்தும், எழுத்து வந்துச்சுன்னு கத்தும், மூடல் வந்துச்சுன்னு கத்தும். அதுக்கு மேல ஒண்ணையும் ஞாபகம் வெச்சுக்காது."

"தூங்கிட்டா?"

"போன ஸ்டாப்பு போனதுதான். கண்டக்டர்கிட்ட சண்டை போட முடியுமா? அதான் கத்தினேனேம்பாரு."

கத்துகிற நிரலை அண்ணி எழுதவில்லை. அது உலகத்துக்கே பொதுவாக எங்கிருந்தோ வருவது. கேட்டு முடிவெடுக்கிற நிரல்களையும் அவர் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று உதவுகிற சின்னச் சின்ன நிரல்கள்தான் அவருடையவை. எந்தக் கூச்சலுக்கும் அசையாத ஒரு வெற்று நிரல் செய்து வைத்திருந்தார். வேண்டியவர்கள் அதை எடுத்து, தங்களுக்குத் தேவையான கூச்சலுக்கு மட்டும் பதில் எழுதிக்கொள்ளலாம். ஒன்றைக் கேட்டு, வேண்டாததைக் கழித்துவிட்டு, மீதியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நிரல் ஒன்று. மாறுவேடம் போட்டு அனுப்பும் நிரல் ஒன்று, வேடத்தைக் கலைக்கும் நிரல் ஒன்று.

மாறுவேடம் எதற்கென்றால், பள்ளிக் கணக்கில் 'இதைவிடச் சிறியது' என்று காட்ட ஒரு குறி போடுவோமே, இடப்பக்கம் கூர்மையாக, வலப்பக்கம் வாய் திறந்து நிற்குமே, அதே குறிதான் எக்ஸ்.எம்.எல்.லில் ஒவ்வொரு திறப்புக்கும் முதல் எழுத்து. தகவலுக்கு நடுவே அது நிஜமாகவே வந்துவிட்டால், படிக்கிற நிரல் புதிய திறப்பு என்று நினைத்துத் திணறும். அதனால் அனுப்பும்போது வேறு எழுத்துகளில் ஒளித்து அனுப்பி, சேரும் இடத்தில் பழைய உருவத்துக்குத் திருப்புவார்கள்.

"விருந்து சமைக்கிறவங்க வேற, கரண்டி எடுத்துக் குடுக்கறவங்க வேற. நாங்க கரண்டி" என்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உண்டு. இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர் என்பதால் அவருக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அண்ணியை 'எடுபிடியக்கா' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலாகக் கூப்பிட்டு, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பழக்கமானதே ஒரு புகாரில்தான். அண்ணன் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். அவன் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியின் இடது பக்கம் சரியில்லை என்று அண்ணி திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் அண்ணன் பின்னறையிலிருந்து வெளியே வந்து, "கண்ணாடில ஒண்ணும் இல்லீங்க, உங்க காதுங்க ரெண்டும் ஒரே உயரத்துல இல்ல" என்றான். அண்ணி சிரித்துவிட்டாராம். "அத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன பஸ் சார்ஜ் மிச்சம்."

கல்யாணத்துக்குப் பிறகும் புகார் நிற்கவில்லை. குழாய் சொட்டினால் அண்ணி உடனே ஸ்பானரைத் தேடமாட்டார். முதலில் ஒரு டம்ளரை வைத்து எப்போது சொட்டுகிறது, எப்போது நிற்கிறது என்று பார்ப்பார். "தப்பு எங்க இருக்குன்னு தெரியாம கை வெச்சா, தப்பு ரெண்டாயிடும்" என்பது அவர் கட்சி. அண்ணன் அதற்குள் குழாயைக் கழற்றியிருப்பான். வீடு நனைந்திருக்கும்.

அவருக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். அலுவலகத்துப் படியில் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டயர் வாடைதான் காரணம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

முதல் சுற்று மருந்து அவரைப் புரட்டிப் போட்டது. முடி போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "கண்ணாடிக் காம்பு இப்பத்தான் ஒழுங்கா உக்காருது" என்றார். மருந்து இதயத்தையும் தொட்டுவிட்டது என்பது பிறகு தெரிந்தது. மருத்துவர் அளந்து பேசுகிற பெண்மணி. எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: எலும்பு மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் எவ்வளவு மிச்சம் என்று ஒரு சோதனை செய்வோம். நூற்றுக்கு 0.01-க்குக் கீழே இருந்தால் நேராக மஜ்ஜை மாற்றிவிடலாம். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு கடும் சுற்று மருந்து கொடுத்துவிட்டுத்தான் மாற்ற முடியும்.

"அந்தச் சுற்றை இவங்க இதயம் தாங்குமா டாக்டர்?" என்று கேட்டான் அண்ணன்.

"தாங்கணும்" என்றார் மருத்துவர்.

மஜ்ஜை கொடுக்க அண்ணியின் அக்கா இருந்தார். பொருத்தம் பார்த்தாகிவிட்டது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். விடுப்பு போட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார். "என் மஜ்ஜை உள்ள போச்சுன்னா பாரு, மறுநாளே எந்திரிச்சு ஹாரன் அடிப்பா" என்று தங்கையின் தலையைத் தடவுவார். "பிள்ளைங்களத் திட்டவும் செய்வேனா?" என்பார் அண்ணி. "அது தானா வரும்டி."

சோதனை முடிவு அண்ணனின் போனில் வந்தது. 0.01.

மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "கோட்டு மேலயே நிக்குது. கோட்டைத் தொட்டாலும் நான் மருந்து குடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

அண்ணி போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். பிறகு, "டாக்டர், இந்த மெஷின் 0.01-க்குக் கீழ அளக்காது. கீழ இருந்தா, அதே எண்ணைப் போட்டு முன்னாடி சிறியதுங்கற குறியப் போடும். அந்தக் குறி வழியில விழுந்திருக்கலாம்" என்றார்.

"அப்படி விழுமா?"

"விழற எடம் ஒண்ணு இருக்கு. பாத்துச் சொல்றேன்."

மருத்துவர் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "நாளைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்" என்றார்.

அண்ணி சந்தேகப்பட்டது இதைத்தான். படிக்கிற நிரல், எழுத்துகள் வந்தன என்று கத்தும்போது முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் கத்தும் என்று உத்தரவாதம் இல்லை. நடுவில் மாறுவேடக் குறி வந்தால், அதைக் கலைக்க ஒரு கணம் நிற்கும். குறியைத் தனியாகக் கத்தும், பிறகு எண்ணைத் தனியாகக் கத்தும். கேட்கிறவர் மூடல் வரும்வரை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வந்ததும் முதலாவதைத் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது வெறும் எண். சிறியது என்பது சமம் என்று ஆகிவிடும். அண்ணி தன் வெற்று நிரலிலேயே, 'எழுத்துகள் துண்டு துண்டாக வரலாம், மூடல் வரும்வரை சேர்த்து வைக்கவும்' என்று எழுதி வைத்திருந்தார். இந்த மருத்துவமனைக்கான நிரலை எழுதியவர் அண்ணியின் அலுவலகத்திலேயே இருந்து, பின்னால் வேலையை விட்டுப் போனவர். அந்த வரியை அவர் படித்தாரா என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தின் பழைய இயந்திரம் குறியே போடாது, 'இல்லை' என்று எழுதிவிடும். அதனால் பல காலம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. புதிய இயந்திரம் வந்து அதிக நாள் ஆகவில்லை.

மதியம் புயல் மடிக்கணினியோடு அண்ணியின் மருத்துவமனை அறைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகமூடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"எடுபிடியக்கா, ஆஸ்பத்திரி நிரலோட சோதனை நகல் கொண்டாந்திருக்கேன். மேலிடத்துல கேட்டா, லீவுல இருக்கறவங்களுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னாங்க."

"குடுக்காதீங்க. நீங்களே அடிங்க, நான் வேடிக்கை பாக்கறேன்."

"நான் அடிச்சா நீங்க டிஸ்சார்ஜ் ஆயிடுவீங்க."

"அவ்வளவு நேரம் ஆகும்னா நல்லதுதான். அடிங்க."

அண்ணி சொல்லச் சொல்லப் புயல் இரண்டு விரலால் ஒரு சின்னக் கோப்பை அடித்தார். இல்லாத ஒரு நோயாளி, இல்லாத ஒரு வயது, அளவு என்ற இடத்தில் மாறுவேடக் குறியும் 0.01-ம். அதை நகலுக்குள் விட்டார்கள். திரையில் வந்தது வெறும் 0.01. குறி இல்லை.

"விழுந்துருச்சு அக்கா!" என்று புயல் கத்தியதில் நர்ஸ் ஓடிவந்து, "யாருங்க விழுந்தது?" என்றார்.

அன்று மாலை அந்த அறையில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணன் எதிர்க் கட்டில்காரம்மாவுக்குக்கூட டீ வாங்கி வந்து கொடுத்தான். அந்த அம்மாவுக்கும் அதே நோய்தான், அதே சோதனைதான். காரணம் தெரியாமலே டீயை வாங்கிக் குடித்தார். அக்கா அப்போதே வேனை யாரிடம் ஒப்படைப்பது என்று போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

எல்லாரும் வெளியே போனபின் நான் கேட்டேன். "அண்ணி, பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா மொதல்லயே தெரிஞ்சிருக்குமே. மெஷின் அச்சடிச்ச தாள் அவங்ககிட்ட இருக்கும்ல?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார்.

"இருக்கும் தம்பி."

"அப்ப?"

"கேட்டா முடிஞ்சுடும்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நிரலில் ஓட்டை இருக்கிறது என்றுதான் அவர் நிரூபித்திருந்தார். தன் குறி அந்த ஓட்டையில் விழுந்தது என்று நிரூபிக்கவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

மறுநாள் மருத்துவரே கூடத்திடம் கேட்டு அந்தத் தாளை வரவழைத்தார். அண்ணியின் பெயர், தேதி, அளவு. எண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. 0.01 என்றால் 0.01.

"மறுபடி ஒரு தடவை அளக்கச் சொல்லலாமா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"ரெண்டு தடவை அளந்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க" என்றார் மருத்துவர். குரல் தணிந்திருந்தது. "நீங்க சொன்ன தப்பு நிஜம். இந்த ஆஸ்பத்திரியிலயே பல பேரோட ரிப்போர்ட்ல குறி காணாம போயிருக்கு. எல்லாத்தையும் திருத்தறாங்க. உங்களோடதுல மட்டும்..." என்று நிறுத்திவிட்டார்.

பிழை இருந்தது உண்மை. அண்ணியின் எண்ணுக்கு முன்னால் குறி இல்லாததும் உண்மை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களை இன்றுவரை நான் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கிறேன். எப்படி அடுக்கினாலும் விடை அதேதான்.

அண்ணி கேட்டது ஒன்றுதான். "மத்தவங்களுக்குச் சொல்லியாச்சா டாக்டர்? சும்மா மருந்து ஏத்திடப் போறாங்க."

சொல்லியாகிவிட்டது. எதிர்க் கட்டில்காரம்மா அவர்களில் ஒருவர். அவருடைய எண்ணுக்கு முன்னால் குறி இருந்திருக்கிறது. கடும் சுற்று வேண்டாம், மாற்று சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பையைக் கட்டிக்கொண்டு விடைபெற வந்தார்.

"ஏதோ கம்ப்யூட்டர்ல தப்பாம்மா. யாரோ மகராசி கண்டுபிடிச்சுச் சொன்னாங்களாம். யாரு பெத்த பிள்ளையோ, அவங்க நல்லா இருக்கணும்."

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி போர்வைக்கு அடியிலிருந்து கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தார். "ஆமாம்மா, நல்லா இருக்கட்டும்" என்றார். "நீங்க மறக்காம வெந்நி குடிங்க. அங்க ஏசி ஜாஸ்தியாம்."

அந்த அம்மா போனபிறகு அண்ணன் கொதித்தான். "சொன்னா என்ன? நீதான்னு தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா அவங்க அழுவாங்க. நான் சமாதானம் சொல்லணும். எனக்குத் தெம்பு இல்லப்பா" என்றார் அண்ணி.

மருந்தை ஏற்றினார்கள். அவர் எங்களிடம் பேசியதெல்லாம் முதல் சில நாட்கள்தான். புயல் தினமும் போனில் செய்தி அனுப்புவார்: திருத்திய நிரலுக்கு ஒப்புதல் வந்தது, மருத்துவமனையில் ஏற்றிவிட்டார்கள், இனி எந்தக் குறியும் விழாது. நான் படித்துக் காட்டுவேன். அண்ணி தலையை அசைப்பார். ஒருமுறை மட்டும், "சேத்து வெக்கற எடத்துல, மூடல் வந்ததும் காலி பண்றாங்களான்னு கேளு. இல்லன்னா அடுத்த ஆளோடதுல ஒட்டிக்கும்" என்றார். கேட்டேன். காலி செய்கிறார்கள் என்று பதில் வந்தது. அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.

சுற்று முடிந்து மஜ்ஜையில் மறுபடி மாதிரி எடுத்தார்கள். அந்த முடிவு வருவதற்குள் காய்ச்சல் வந்தது. காய்ச்சலை உடம்பு சமாளித்தது, இதயம் சமாளிக்கவில்லை. மருத்துவர் வெளியே வந்து அண்ணனின் பெயரைச் சொன்னார். அவர் அதுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அதிலிருந்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளி வந்து போன அன்று, எல்லாரும் கலைந்தபின், அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இது என்னன்னு பாரு. ஆஸ்பத்திரியில இருந்து. வரச் சொல்றாங்க."

படித்தேன். நோயாளியின் சோதனை முடிவு 0.01-க்குக் குறைவு என்பதால் மஜ்ஜை வழங்குபவர் வரும் திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அண்ணியின் கடைசி மாதிரி அளக்கப்பட்டு, குறி எங்கும் விழாமல் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. வந்ததும், அடுத்து செய்ய வேண்டியதை இயந்திரம் தானாகச் செய்திருக்கிறது. நோயாளி இறந்த செய்தி வேறொரு கோப்பில் வேறொரு வழியாகப் போயிருக்கும். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

"முடிவு நல்லா வந்திருக்கு அக்கா. மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

"அப்ப அவளுக்கு ரத்தம் சுத்தமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கையிலிருந்த சோப்பு நுரை மடியில் சொட்டியது. உள்ளறையில் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. அவனுக்குக் கேட்டுவிடாமல் இருக்க அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வர முடியாதுன்னு சொல்லணுமே. நமக்காக ஒரு கட்டிலை ஒதுக்கி வெச்சிருப்பாங்க. வேற யாருக்காவது குடுக்கலாம்ல? யாருகிட்ட சொல்றது?"

செய்தியின் அடிவரை தள்ளிப் பார்த்தேன். இது தானியங்கிச் செய்தி, இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது என்று போட்டிருந்தது. மருத்துவமனையின் பொது எண்ணுக்குப் போன் செய்தேன். இசை ஒலித்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இசை நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.